எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் பள்ளியை விட்டு விலகும் பிள்ளைகள்: ‘ஆர்வமில்லை’ என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பது என்ன?

புதுதில்லி: நாட்டில் பள்ளிப் படிப்பைப் பாதியில் கைவிடும் மாணவர்களின் விகிதம் குறைந்து வருவதாக மத்திய கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரங்கள் தெரிவிக்கின்றன. 2024-25 கல்வியாண்டுக்கான ‘யுடிஐஎஸ்இ பிளஸ்’ அறிக்கையின்படி, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் இடைநிற்றல் விகிதம் 8.2 சதவீதமாக உள்ளது. முந்தைய கல்வியாண்டில் இது 10.9 சதவீதமாகவும், 2022-23-இல் 13.8 சதவீதமாகவும் இருந்தது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும், அதே அறிக்கையில் உள்ள மற்றோர் எண் கவலை அளிக்கிறது. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இறுதி வகுப்பு வரை பள்ளியில் தொடர்கிறார்கள் என்பதைக் காட்டும் தக்கவைப்பு விகிதம், எட்டாம் வகுப்பு நிறைவில் 82.8 சதவீதமாக உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பை எட்டும்போது அது 47.2 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. ஐடிஐ, பாலிடெக்னிக், திறந்தநிலைப் பள்ளி ஆகியவற்றுக்குச் சென்றவர்களைக் கழித்துப் பார்த்தாலும், இந்தச் சரிவு சாதாரணமானதல்ல.

இவ்வாறு விலகுவோரில் பெரும்பாலோர் பதின்பருவத்தின் தொடக்கத்தில், அதாவது 13 முதல் 16 வயதுக்குள் படிப்பின் மீதான பிடிப்பை இழந்தவர்கள். ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று கணக்கெடுப்பாளர்கள் கேட்டால், அவர்களில் கணிசமானோர் கூறும் பதில் ஒன்றுதான்: “படிப்பில் ஆர்வமில்லை.” இந்தப் பதிலைப் பிள்ளையின் குணமாகக் கொள்வதா, அந்தப் பிள்ளையைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளின் விளைவாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தே அரசுகள் எடுக்கும் நடவடிக்கையும் அமைகிறது.

எண்களை எப்படி வாசிப்பது?

இடைநிற்றல் விகிதம் என்பது ஓர் ஆண்டுக்கான கணக்கு. ஆண்டுக்கு 8.2 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் சேர்ந்து, நான்கு ஆண்டுகளும் இதே விகிதத்தில் மாணவர்கள் விலகினால், இறுதியில் எஞ்சுவோர் ஏறத்தாழ 71 பேர் மட்டுமே. உண்மையில் எல்லா வகுப்புகளிலும் விலகல் ஒரே அளவில் இருப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஒட்டியே அது கூடுதலாக இருக்கிறது. ஆண்டு விகிதத்தை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வதற்கில்லை என்பதை இந்த எளிய கணக்கு உணர்த்துகிறது.

கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 2022-23 முதல் பள்ளிவாரியான மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரின் தனி விவரமும் பதிவு செய்யப்படுகிறது. இதனால் தரவுகளின் துல்லியம் கூடியுள்ளது. அதே காரணத்தால், 2021-22 மற்றும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களோடு தற்போதைய எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது.

பெயர் பதிவேட்டில் இருப்பதும் வகுப்பறையில் இருப்பதும் ஒன்றல்ல. ‘பிரதம்’ தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பில் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட 2024-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ ஆய்வில், பார்வையிடப்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அன்றைய தினம் வந்திருந்த மாணவர்கள் சராசரியாக 75.9 சதவீதத்தினர். அதாவது, நான்கில் ஒருவர் வரவில்லை. ஒரு மாணவர் ஒரே நாளில் பள்ளியைக் கைவிடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், அறுவடைக் காலத்தில் ஒரு மாதம் எனத் தொடங்கும் விடுப்பு, பெயர் நீக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அவரைப் பள்ளியிலிருந்து பிரித்துவிடுகிறது.

‘ஆர்வமில்லை’ என்றால் என்ன?

2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பள்ளியை விட்டு விலகிய 6 முதல் 17 வயதுக்குட்பட்டோரிடம் அதற்கான காரணம் கேட்கப்பட்டது. சிறுவர்களில் 35.7 சதவீதத்தினரும் சிறுமிகளில் 21.4 சதவீதத்தினரும் படிப்பில் ஆர்வமின்மையைக் காரணமாகக் கூறினர். 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் படிப்பைத் தொடராத ஆண்கள் தரப்பில் வருவாய் ஈட்டும் பணியும், பெண்கள் தரப்பில் வீட்டு வேலையும் முதன்மைக் காரணங்களாக இடம்பெற்றன.

இந்த இரண்டு கணக்கெடுப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே பிள்ளையின் வாழ்வில் இவை இரண்டும் அடுத்தடுத்து நிகழ்பவை. பாடம் புரியாமல் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு, தந்தையுடன் கட்டட வேலைக்குச் சென்றால் கிடைக்கும் நாள் கூலி கண்ணுக்குத் தெரிந்த பலன். படிப்பின் பலனோ எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே அவனுக்குத் தெளிவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் குறியிட முடியும் என்பதால், ஒரு பிள்ளை ‘ஆர்வமின்மை’ ஆகவும் மற்றொரு பிள்ளை ‘வேலை’ ஆகவும் பதிவாகிறது.

வறுமை, தொலைவு, புரியாத பாடம், வீட்டுச் சுமை, அவமானம் ஆகிய பல காரணங்களையும் சுருக்கிச் சொல்லும் ஒற்றைச் சொல்லாகவே பல வேளைகளில் இந்த ‘ஆர்வமின்மை’ அமைந்துவிடுகிறது. தன்னால் வாசிக்க முடியவில்லை என்று அந்நியர் ஒருவரிடம் ஒப்புக்கொள்வதைவிட, தனக்கு விருப்பமில்லை என்று சொல்வது பதின்பருவத்தினருக்கு எளிது.

14 வயதில் முடிவுறும் உரிமை

எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையே சட்டத்திலேயே ஓர் எல்லைக்கோடு இருப்பது பலரும் கவனிக்கத் தவறும் உண்மை. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியை உரிமையாக்குகிறது. அதற்கு மேற்பட்ட வகுப்புகள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

உரிமையோடு சேர்த்து வேறு சில உதவிகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மத்திய அரசின் நிதியுதவியுடன் செயல்படும் ‘பி.எம். போஷண்’ மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உரியது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்கள் பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு வழங்குவது, அம்மாநில அரசுகள் தாமாக ஏற்றுக்கொண்ட செலவினமாகும். கல்வி உரிமைச் சட்டம் உறுதியளிக்கும் இலவசப் பாடநூல், சீருடை ஆகியவையும் எட்டாம் வகுப்போடு முடிவுறுகின்றன; அதன் பிறகு அவை கிடைப்பது அந்தந்த மாநில அரசின் முடிவைப் பொறுத்தது.

தொலைவும் கூடுகிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. உயர்நிலைப் பள்ளிக்கு வகுக்கப்பட்ட அளவுகோல் 5 கிலோமீட்டர். பேருந்து வசதியற்ற ஊர்களில், குறிப்பாகச் சிறுமிகளுக்கு, இந்தக் கூடுதல் தொலைவே படிப்பை நிறுத்துவதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது.

தொழிலாளர் சட்டமும் இதே வயதில்தான் தளர்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், குடும்பத் தொழிலில் உதவுதல் உள்ளிட்ட சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முற்றிலும் தடை செய்கிறது. 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதற்கு மட்டுமே தடை உள்ளது. கல்வி பெறும் உரிமை முடிவுறும் நாளும், வேலைக்குச் செல்லச் சட்டத் தடை விலகும் நாளும் ஒன்றாக அமைந்திருப்பதை ஏழைக் குடும்பங்கள் தங்கள் வழியில் புரிந்துகொள்கின்றன. எட்டாவது முடித்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இதனால் வலுப்பெறுகிறது.

திரும்பி வர விரும்புவோருக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. பள்ளி செல்லாத 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கச் சட்டம் வகை செய்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், 16 முதல் 19 வயது வரையிலான பின்தங்கிய பிரிவினர் திறந்தநிலைப் பள்ளி மூலம் படிப்பை முடிக்க ஆண்டுக்கு ரூ.2,000 வரை உதவி வழங்க 2021-இல் வழி செய்யப்பட்டது. ஒன்று 14 வயதோடு முடிகிறது. மற்றொன்று 16 வயதில்தான் தொடங்குகிறது. விலகல் அதிகமாக நிகழும் இடைப்பட்ட வயதினருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரும் வாய்ப்பு இருந்தாலும், அதை அவர்களது வீட்டுவாசல் வரை எடுத்துச் செல்லும் ஏற்பாடு வலுவாக இல்லை.

புரியாத பாடமும் பொறுமை இழக்கும் மாணவரும்

சட்டமும் வசதிகளும் ஒரு பக்கம் என்றால், வகுப்பறையின் உள்ளே நிகழ்வது மறுபக்கம். 14 முதல் 18 வயது வரையிலானோரை மையப்படுத்தி 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் நடத்தப்பட்ட 2023-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தினரால் தங்கள் தாய்மொழியில் அல்லது மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க இயலவில்லை என்று கண்டறிந்தது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதத்தினர் மட்டுமே.

பள்ளிக்கு வெளியே இருப்போரின் விகிதம் வயதுக்கேற்ப எவ்வாறு ஏறுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 14 வயதினரில் 3.9 சதவீதத்தினர் எந்தக் கல்வி நிறுவனத்திலும் இல்லை. 18 வயதினரில் அது 32.6 சதவீதம்.

2024 டிசம்பரில் நடத்தப்பட்ட ‘பராக்’ தேசிய அடைவுத் தேர்வும் இதே திசையைச் சுட்டுகிறது. மூன்றாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக 60 சதவீத வினாக்களுக்குச் சரியாக விடையளித்தனர். ஆறாம் வகுப்பில் அது 46 சதவீதமாகவும், ஒன்பதாம் வகுப்பில் 37 சதவீதமாகவும் குறைந்தது. ஒவ்வொரு தேர்வும் அந்தந்த வகுப்புக்குரிய பாடத்தை அளவிடுவதால் இவற்றை நேரடியாக ஒப்பிடுவதில் வரம்பு உண்டு. ஆயினும், வகுப்பு ஏற ஏறப் பாடத்துக்கும் மாணவருக்கும் இடையிலான தூரம் அதிகரிப்பது தெளிவாகவே தெரிகிறது.

பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோர் தில்லியில் மேற்கொண்ட ஆய்வு இந்தத் தூரத்தை அளந்து காட்டியது. அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆறாம் வகுப்பு மாணவர்கள், கணிதத்தில் தங்கள் வகுப்பைவிடச் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். மேல் வகுப்புகளில் இந்த இடைவெளி மேலும் விரிந்தது. ஆசிரியர் பாடநூலின்படி முன்னேறிச் செல்ல, மாணவர் எங்கோ பின்னால் நின்றுவிடுகிறார். ஒவ்வொரு மாணவரின் நிலைக்கேற்பப் பாடத்தைத் தரும் கணினி மென்பொருள் வழியே நாலரை மாதப் பயிற்சி பெற்றவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

எனவே, பின்தங்கிய மாணவரிடம் ‘ஆர்வத்தை’ ஊட்டும் உரைகளைவிட, அவர் விட்ட இடத்திலிருந்து மீண்டும் கற்பிப்பதே பலன் தருகிறது. இயன்றதைச் செய்துபார்த்து அதில் வெற்றி காணும்போதுதான் எந்த வயதினருக்கும் அடுத்ததைச் செய்யும் ஊக்கம் பிறக்கிறது.

தேர்ச்சி நிறுத்தம் தீர்வாகுமா?

எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி வழங்கும் முறையே மாணவர்களின் அலட்சியத்துக்குக் காரணம் என்ற வாதம் நீண்டகாலமாக முன்வைக்கப்படுகிறது. இதன் அடிப்படையில் 2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேர்ச்சியை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. மத்திய அரசின்கீழ் இயங்கும் கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட பள்ளிகளுக்கான விதிகள் 2024 டிசம்பரில் வெளியாயின. தேர்ச்சி பெறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளித்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேர்ச்சி பெறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். ஆனால் யாரையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என அந்த விதிகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான கட்டாயத் தேர்ச்சி முறை தொடரும் என்று மாநில அரசு அப்போதே அறிவித்தது நினைவுகூரத்தக்கது.

இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் உண்டு. அடிப்படைத் திறன் இல்லாத மாணவரைத் தொடர்ந்து மேல் வகுப்புக்கு அனுப்பினால், ஒன்பதாம் வகுப்பில் அவர் முதல் முறையாகத் தோல்வியைச் சந்திக்கிறார். அந்த முதல் தோல்வியே பலருக்குப் பள்ளியில் கடைசி அனுபவமாகிவிடுகிறது. மறுபுறம், தன்னைவிட இளையவர்களுடன் மீண்டும் அதே பெஞ்சில் அமர்த்தப்படும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அவமானமே வெளியேறுவதற்குப் போதுமானது. நிறுத்திவைப்பதா, அனுப்பிவைப்பதா என்ற விவாதத்தில், இடைப்பட்ட இரண்டு மாதப் பயிற்சி உண்மையில் யாரால், எப்படி அளிக்கப்படும் என்ற கேள்விக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை.

தில்லி அரசு 2016-இல் தொடங்கிய ‘சுனௌதி’ திட்டம் இதற்கு ஒரு முன்னுதாரணம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களை அவர்களது கற்றல் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, பின்தங்கியவர்களுக்கு அடிப்படையிலிருந்து கற்பிக்க அத்திட்டம் முயன்றது. இவ்வாறு பிரிப்பது மாணவர்கள் மீது முத்திரை குத்துவதாகும் என்ற விமர்சனமும் அதன் மீது எழுந்தது. நிலைக்கேற்பக் கற்பிப்பதும், அதே வேளையில் பிள்ளையின் தன்மதிப்பைக் காப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பதே அந்த அனுபவம் தரும் பாடம்.

பலன் தந்த முயற்சிகள்

பதின்பருவத்தினரைப் பள்ளியில் தக்கவைப்பது இயலாத காரியமல்ல என்பதற்கு நாட்டின் பல பகுதிகளில் சான்றுகள் உள்ளன. அவற்றுள் அதிகம் பேசப்படுவது பிகாரின் சைக்கிள் திட்டம். 2006-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் சைக்கிள் வாங்க ரூ.2,000 வழங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதனை ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமிகளின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததும் தெரியவந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவிகளின் எண்ணிக்கை 18 சதவீதமும், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை 12 சதவீதமும் அதிகரித்தன.

இந்தப் பலன், உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே அதிகமாகத் தென்பட்டது. அதாவது, அந்த மாணவிகளிடம் இல்லாதிருந்தது விருப்பமல்ல. பள்ளிக்குச் சென்றுவர ஒரு வழி. இந்தத் திட்டத்துக்கு முன்பு கணக்கெடுப்பு நடத்தியிருந்தால், அவர்களில் எத்தனை பேர் ‘ஆர்வமற்றோர்’ பட்டியலில் இடம்பெற்றிருப்பார்களோ என்ற கேள்வி எழுவது இயல்பு.

மேற்கு வங்கத்தின் ‘கன்யாஸ்ரீ’ திட்டம் வேறொரு தடையைக் குறிவைத்தது. 2013-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், 13 முதல் 18 வயது வரையிலான மாணவிகளுக்கு ஆண்டு உதவித்தொகையும், 18 வயது நிறைவில் திருமணமாகாமல் படிப்பைத் தொடர்பவர்களுக்கு ஒரே தவணையில் ரூ.25,000-மும் வழங்கப்படுகின்றன. இளவயதுத் திருமணத்தைத் தள்ளிப்போடக் குடும்பத்துக்கு ஒரு காரணத்தைத் தருவதே இதன் நோக்கம். 2017-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருதை இத்திட்டம் பெற்றது.

படிப்பின் பலன் கண்ணெதிரே தெரிந்தால் என்ன நிகழும் என்பதையும் ஓர் ஆய்வு காட்டியுள்ளது. தில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களின் சில கிராமங்களில், பிபிஓ நிறுவனங்களின் வேலைவாய்ப்புக் குறித்த தகவலும் ஆள்சேர்ப்பு உதவியும் இளம்பெண்களுக்கு மூன்று ஆண்டுகள் வழங்கப்பட்டன. அந்தக் கிராமங்களில் இளம்பெண்களின் திருமணம் தள்ளிப்போனதோடு, வேலைக்குச் செல்லும் வயதை எட்டாத சிறுமிகள் பள்ளியில் தொடர்வதும் அதிகரித்ததாகப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் கண்டறிந்தார். தங்கள் ஊர்ப் பெண் ஒருவர் படித்து வேலைக்குச் செல்வதைப் பார்க்கும் பெற்றோர், தங்கள் மகளின் படிப்பையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குகின்றனர்.

பருவகால இடப்பெயர்வு அதிகமுள்ள பகுதிகளில் தடை இன்னொரு வகையானது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டவும், ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து செங்கல் சூளைகளுக்கும் ஆண்டுதோறும் குடும்பங்கள் இடம்பெயர்கின்றன. பெற்றோருடன் செல்லும் பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடங்களை இழக்கின்றனர். அவர்கள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிப்பதற்கான பருவகால விடுதிகள் இம்மாநிலங்களில் நடத்தப்படுகின்றன. பெண்களுக்கான கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள் 2018-19 முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிவுபடுத்தப்பட்டதும் இவ்வகையில் முக்கியமான நடவடிக்கையாகும்.

இத்திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. இவற்றில் எதுவும் மாணவரின் மனத்தை மாற்றும் முயற்சியில் தொடங்கவில்லை. எந்த இடத்தில், எந்த வகைப் பிள்ளைக்கு, எது தடையாக இருக்கிறது என்று கண்டறிந்து, அதனை அகற்றின.

கவனம் பெறாத சிறுவர்கள்

பதின்பருவச் சிறுமிகளுக்காக வகுக்கப்பட்ட திட்டங்கள் பல நல்ல பலனைத் தந்துள்ளன. படிப்பில் விருப்பமில்லை என்று கூறுவோரில் சிறுவர்களின் விகிதமே கூடுதலாக இருந்தபோதிலும், அவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடுகள் குறைவு. பிகாரில் சைக்கிள் உதவி 2009-இல் சிறுவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதித் தகுதி பெறும் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ரூ.12,000 வழங்கும் தேசிய வருவாய்வழி, தகுதி உதவித்தொகைத் திட்டம் இருபாலருக்கும் உரியது. ஆனால் அது நன்றாகப் படிக்கும் ஏழை மாணவருக்கானது. படிப்பிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும் மாணவரை அது எட்டுவதில்லை.

சிறுவர்களைப் பொறுத்தவரை இழப்பது உடனடி வருவாய். பகுதி நேர வேலை, உணவு விநியோகம், பட்டறை உதவி என நகரங்களும் சிறு நகரங்களும் அவர்களை ஈர்க்கின்றன. கைப்பேசியும் கவனத்தைப் பங்குபோடுகிறது. 2024-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ ஆய்வில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில் 57 சதவீதத்தினர் அதற்கு முந்தைய வாரத்தில் கல்விக்காகவும், 76 சதவீதத்தினர் சமூக வலைதளங்களுக்காகவும் அதனைப் பயன்படுத்தியிருந்தனர். கைப்பேசியை மட்டுமே குற்றவாளியாக்குவது எளிது. எனினும், புரியாத பாடத்துக்கும் கையிலிருக்கும் திரைக்கும் இடையிலான போட்டியில் எது வெல்லும் என்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

தொழிற்கல்வி: வாய்ப்பா, வேலியா?

ஏட்டுக் கல்வியில் மனம் ஒட்டாத மாணவர்களுக்குக் கைத்தொழில் வழியே பள்ளியில் பிடிப்பை ஏற்படுத்தலாம் என்பது தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் அணுகுமுறை. ஆறாம் வகுப்பு முதல் தொழில் அறிமுகம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் 10 நாள்கள் புத்தகப்பையின்றி உள்ளூர்க் கைவினைஞர்களிடம் கற்பது ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. நடைமுறையில் இது இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. 2023-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ ஆய்வில் தொழிற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 14 முதல் 18 வயதினர் 5.6 சதவீதத்தினர் மட்டுமே.

இம்முயற்சி மீது தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் எழுந்துள்ள ஐயமும் புறந்தள்ளத்தக்கதல்ல. இளவயதிலேயே தொழில்நோக்கித் திருப்பப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழை, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால், குலத்தொழிலுக்கே அவர்கள் மீண்டும் தள்ளப்படக்கூடும் என்பது அந்த ஐயம். கணிதத்தையும் மொழியையும் கற்பதற்குத் துணையாகத் தொழில் அறிமுகம் அமைந்தால் அது வாய்ப்பாகும். அவற்றுக்கு மாற்றாக அமைந்தால், உயர்கல்விக்கான பாதையை அடைக்கும் வேலியாகிவிடும்.

முன்கூட்டியே அறிவது எப்படி?

விலகல் படிப்படியாக நிகழ்வதால், அதனை முன்கூட்டியே கண்டறியவும் முடியும். தொடர்ச்சியான விடுப்பு, மதிப்பெண்களில் திடீர்ச் சரிவு, எட்டாம் வகுப்புக்குப் பின் மாற்றுச் சான்றிதழ் பெற்றும் வேறு பள்ளியில் சேராமை ஆகியவை தெளிவான அறிகுறிகள். 2024-25-இல் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு மாறிச் சென்றோர் 86.6 சதவீதத்தினர். எஞ்சியோர் யார், எந்த ஊரினர் என்பதை அறிவதற்கு, மாணவர்வாரியான தரவு இப்போது அரசின் கையிலேயே உள்ளது. அந்தத் தரவு ஆண்டறிக்கைக்கான கணக்காக மட்டும் நின்றுவிடாமல், பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கான பட்டியலாக மாற வேண்டும்.

கதவைத் தட்டுவது யார் என்பதே அடுத்த சிக்கல். நாட்டில் ஆசிரியர்களின் மொத்த எண்ணிக்கை 2024-25-இல் முதல் முறையாக ஒரு கோடியைக் கடந்துள்ளது. அதே ஆண்டில் ஒரே ஆசிரியரைக் கொண்டு இயங்கிய பள்ளிகள் 1,04,125. அனைத்து வகுப்புகளையும் தனியொருவராகக் கவனிக்கும் ஆசிரியர், வராத பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அடித்தளம் அமைய வேண்டிய தொடக்கப் பள்ளியிலேயே இந்த நிலை இருக்கும்போது, அதன் விளைவு ஒன்பதாம் வகுப்பில் ‘ஆர்வமின்மை’ ஆக வெளிப்படுகிறது.

2030 இலக்கு

2030-ஆம் ஆண்டுக்குள் பன்னிரண்டாம் வகுப்பு வரை 100 சதவீதச் சேர்க்கையை எட்டுவது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. 2024-25-இல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் மொத்தச் சேர்க்கை விகிதம் 68.5 சதவீதம். முந்தைய ஆண்டின் 66.5 சதவீதத்திலிருந்து இது 2 புள்ளிகள் உயர்ந்துள்ளது. இதே வேகம் நீடித்தால் இலக்கை எட்ட இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேலாகும்.

கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என, கஸ்தூரிரங்கன் குழு 2019-இல் அளித்த வரைவுக் கொள்கையில் பரிந்துரைத்திருந்தது. 2020-இல் ஏற்கப்பட்ட இறுதிக் கொள்கை, 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்ற நோக்கத்தை அறிவித்தது. ஆனால் சட்டத்தின் வரம்பு இன்றளவும் 14 வயதிலேயே நிற்கிறது. சட்டத் திருத்தத்துக்கு நிதியும் அரசியல் உறுதியும் தேவை. அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை பல உள்ளன: மதிய உணவையும் இலவசப் பாடநூலையும் பத்தாம் வகுப்பு வரை நீட்டித்தல், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்றல் இடைவெளியை நிரப்பும் பயிற்சி, உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லப் போக்குவரத்து வசதி, 14 மற்றும் 15 வயதினர் திரும்பி வருவதற்கான இணைப்பு வகுப்புகள். இவற்றில் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மாநிலத்தில் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டதே.

2026-27 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவரே 2030-இல் பன்னிரண்டாம் வகுப்பை நிறைவு செய்ய வேண்டியவர். இலக்கு ஆண்டுக்கு இன்னும் காலம் இருப்பதாகத் தோன்றினாலும், அந்த மாணவர் இப்போதே பள்ளியின் வாசலில் நிற்கிறார். அவர் ‘ஆர்வமில்லை’ என்று சொல்வதற்கு முன்பே அவருக்கு எது தடையாக உள்ளது என்று கேட்டறிவதிலிருந்துதான் இலக்கை நோக்கிய பணி தொடங்க வேண்டும்.